குடவோலைக்குத் தகுதி கேட்டார்கள். வாக்குக்கு ஏன் கேட்பதில்லை?

1. நேர்வழி

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் குடும்பத்துடன் உத்திரமேரூருக்குப் போயிருந்தேன். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட, குடவோலைத் தேர்வு விதிகளைச் சொல்லும் எழுத்துகளை நேரில் பார்த்தேன். உலகத்துக்கே மக்களாட்சியைக் கற்பித்தவர்கள் நாங்கள் என்று மேடையில் முழங்குபவர்கள் அந்தக் கல்வெட்டில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

ஊரை 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள் என்பது பள்ளிப் பாடத்தில் வருவது. ஆனால் அந்தக் குடத்துக்குள் ஒருவர் பெயர் விழ வேண்டுமானால் கால் வேலிக்குக் குறையாத, வரி செலுத்தும் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்தவராகவோ, இருந்து கணக்குக் காட்டாமல் போனவராகவோ, அப்படிப்பட்டவரின் உறவினராகவோ இருக்கக் கூடாது.

இன்றைக்கு 18 வயது நிரம்பினால் போதும். 2009 சனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலின் பெயரே பணப் பட்டுவாடாவுக்கு ஒரு ‘ஃபார்முலா’வாகிவிட்டது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணம் காரணமாகவே நிறுத்தப்பட்டுப் பின்னர் நடத்தப்பட்டன. இருசக்கர வண்டி ஓட்ட உரிமம் வாங்குவதற்கு எட்டுப் போட்டுக் காட்ட வேண்டிய நாட்டில், ஓர் அரசை அமைப்பதற்கு எந்தத் தேர்வும் இல்லை. மக்களாட்சியின் மிகப் பெரிய பலவீனம் இதுதான் என்பது என் கருத்து. குறைந்தபட்சக் கல்வித் தகுதியாவது வாக்குக்கு வேண்டாமா? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2. ஏரிக்கரையான்

தம்பி நேர்வழிக்கு வணக்கம். அந்தப் பக்கத்துக்காரன், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் முதலில் சில திருத்தங்கள்.

கல்வெட்டு சொல்லும் தகுதிகள் வாக்காளருக்கானவை அல்ல, வாரியத்தில் அமரப்போகிறவருக்கானவை. அங்கே வாக்காளர் என்று ஒருவரே கிடையாது. குடத்திலிருந்து வருவது திருவுளச்சீட்டு. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த ஊர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர். அந்த நிலத்தில் ஏர் பிடித்தவரும் நாற்று நட்டவரும் ஏரிக்கரைக்கு மண் சுமந்தவரும் முப்பது குடும்புகளில் எதிலும் பெயராக இல்லை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தார்கள். ஏரியை வெட்டியவர்களிலிருந்து ஒருவரையும் தேரவில்லை. இதனால் கல்வெட்டின் பெருமை குறைந்துவிடாது. எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி, அவையோர் கேட்க உரக்கப் படிக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஓலையை மாற்றிவிடுவார்களோ என்ற ஐயம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

நீங்கள் கவனிக்காமல் விட்டது அந்த இரண்டு ஆண்டு இடைவெளி. 919இல் எழுதிய விதிகளை 921இல் திருத்தி மறுபடி வெட்டியிருக்கிறார்கள். முதல் ஏற்பாடு சரிவரவில்லை என்று சபையே ஒப்புக்கொண்டதற்குச் சுவரே சாட்சி. மக்களாட்சியின் பலம் எதில் இருக்கிறது என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். நல்லவரைத் தேர்ந்தெடுப்பதில் அது கெட்டிக்காரத்தனமானது அன்று. தவறாகப் போனதைக் குருதி சிந்தாமல் திருத்திக்கொள்வதில்தான் மற்ற முறைகளைவிட மேலானது. அரசனின் தவறு திருந்த அவன் இறக்க வேண்டியிருந்தது.

பதினொரு தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்திருக்கிறேன். காலையில் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்துவதிலிருந்து இரவு இயந்திரத்தை ஒப்படைத்து ரசீது வாங்குவது வரை எல்லாம் மனப்பாடம். ஆனால் நினைவில் நிற்பது ஒரே ஒரு முகம். அறுபதைக் கடந்த அம்மையார், கையில் அடையாள அட்டை. பட்டியலில் அவர் பெயர் ‘இறந்தவர்’ என்று நீக்கப்பட்டிருந்தது. அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்களிக்க முடியாது என்று விதியைச் சொன்னேன். “செத்துப்போனவ எப்படிங்க சார் வெயில்ல ரெண்டு மணி நேரம் நிப்பா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஆகவே, யார் வாக்குக்குத் தகுதியானவர் என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு இன்னொரு கேள்வி எழுகிறது: அந்தப் பட்டியலை எழுதுகிறவர் யார்?

3. கீழவாசல்

ஏரிக்கரையான் ஐயாவின் கேள்விக்கு வரும் முன், நேர்வழி அண்ணன் கேட்ட கல்வித் தகுதியைச் சட்டத்தின் பக்கமிருந்து பார்க்கலாம். ஏனென்றால் அது ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்ட யோசனை.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் வாக்குரிமை சொத்து, வரி, கல்வி ஆகியவற்றோடு கட்டப்பட்டிருந்தது. வயது வந்தோரில் பெரும்பாலோர் வெளியே நின்றனர். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்று அரசமைப்புச் சட்டத்தின் 326ஆவது கூறு அதை ஒரே வரியில் முடித்துவைத்தது. 1951 கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு 18 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அந்த நிலையில்தான் 17 கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்ட முதல் பொதுத்தேர்தலைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நடத்தினார். படிக்கத் தெரியாதவருக்காகச் சின்னங்கள் வந்தன. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டது. அதாவது, தகுதிக்கேற்ப வாக்காளரைக் குறைக்காமல், வாக்காளருக்கேற்பப் பெட்டியைச் செய்தார்கள். அப்போதும் ஒரு குறை நேர்ந்தது. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே சொல்லித் தம் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்த பெண்கள் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். சென் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. கடுமையான முடிவுதான், ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலோரின் பெயர்கள் சொந்தப் பெயர்களாகவே சேர்ந்துவிட்டன.

வேட்பாளருக்குக் கல்வித் தகுதி என்பதை 2015இல் அரியானா பஞ்சாயத்துத் தேர்தல்களில் கொண்டுவந்தது. பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கு எட்டாம் வகுப்பு, பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஐந்தாம் வகுப்பு. வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் இராஜ்பாலா வழக்கில் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. பள்ளிக்கூடம் கட்டித்தராத அரசு, பள்ளிக்குப் போகாத குற்றத்துக்காகக் குடிமகளைத் தண்டிக்கும் விந்தையை அது ஏற்றுக்கொண்டது. இராஜஸ்தானும் இதே போன்ற சட்டத்தைக் கொண்டுவந்து, 2019இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

கணக்குக் காட்டாதவரைத் தள்ளிவைக்கும் கல்வெட்டு விதிக்கு மட்டும் இன்றும் ஒரு வாரிசு இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 10அ பிரிவின்படி, தேர்தல் செலவுக் கணக்கைத் தக்க காரணமின்றி உரியபடி தாக்கல் செய்யாத வேட்பாளரை மூன்றாண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யலாம். உறவினரையும் சேர்த்துத் தள்ளுவதென்றால் நம் சட்டமன்றங்களில் நாற்காலிகள்தான் மிஞ்சும்.

4. சிராங்கூன் வாசகர்

நான் முப்பது ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வசிப்பவன். நல்லாட்சி, மக்களாட்சி இரண்டும் ஒன்றல்ல என்பதை நீங்கள் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே ஒரே கட்சி 1959 முதல் ஆள்கிறது. தண்ணீர் வருகிறது, இரயில் வருகிறது, இலஞ்சம் கேட்பாரில்லை. தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. வாக்களிப்பது கட்டாயம். இதைக் குறை சொல்பவர்கள் எதைக் குறை சொல்கிறார்கள்?

5. நேர்வழி

சிராங்கூன் வாசகருக்கு நன்றி. நான் சொல்லத் தயங்கியதை அவர் சொல்லிவிட்டார்.

கீழவாசல் தங்கை சொன்ன அரியானா விவரம் எனக்குப் புதிது. வாக்காளருக்குத் தேர்வு என்பதை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கிறேன்; கைவிடவில்லை, ஒதுக்கிவைக்கிறேன். ஆனால் மக்கள் எண்ணம் அவைக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா? 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 44 விழுக்காடு பெற்ற அ.தி.மு.க.வுக்கு 39இல் 37 இடங்கள். 23 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற தி.மு.க.வுக்கு ஒன்றுமில்லை. 1991 சட்டமன்றத் தேர்தலில் அதே தி.மு.க. 22 விழுக்காட்டை வைத்துக்கொண்டு 234இல் இரண்டு இடங்களோடு நின்றது. ஐந்தாண்டு கழித்து 21 விழுக்காட்டோடு நான்கு இடங்கள் என்ற நிலை அ.தி.மு.க.வுக்கு வந்தது. ஐந்தில் ஒருவரின் வாக்கு காற்றில் போகும் முறையை எப்படி மக்களாட்சி என்று அழைப்பது? அகில இந்திய அளவிலும் 2014இல் 31 விழுக்காடுதான் 282 இடங்களாகியது.

6. ஏரிக்கரையான்

தம்பி, அந்தக் கணக்கிலேயே விடையும் இருக்கிறது. 1991இல் இரண்டு இடங்களோடு நின்ற கட்சி 1996இல் ஆட்சிக்கு வந்தது. நான்கு இடங்களோடு நின்ற கட்சி 2001இல் வந்தது. அநீதியான முறைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அநீதி ஒரே ஆளின் தலையில் எப்போதும் விழுவதில்லை. தோற்றவருக்கு அடுத்த முறை வெல்லும் வழி திறந்திருக்கும்வரை, முரட்டுத்தனமான எண்ணும் முறையையும் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். 1967இல் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்ற காமராசர் அதற்காக ஊரைக் கொளுத்தச் சொல்லவில்லை.

சிராங்கூன் வாசகருக்கு: நல்ல அரசு அமைந்திருக்கும்வரை எந்த முறையும் நல்ல முறையே. அது கெட்டுப்போகும் நாளில் என்ன செய்வது என்பதற்கு விடை தயாராக இருக்கிறதா என்பதே கேள்வி.

7. சிராங்கூன் வாசகர்

விடை இருக்கிறது ஐயா, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. 2020இல் 61 விழுக்காடு வாக்குக்கு 93இல் 83 இடங்கள் ஆளுங்கட்சிக்குக் கிடைத்தன என்பதால் நேர்வழியின் குறை இங்கும் உண்டு. ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1988இல் வந்த, பலர் ஓர் அணியாகப் போட்டியிடும் குழுத்தொகுதி முறையில் ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருந்தாக வேண்டும். எதிர்க்கட்சிகள் அதை ஆளுங்கட்சிக்குச் சாதகமான ஏற்பாடு என்கின்றன. அதிலும் உண்மை உண்டு. ஆனால் சிறுபான்மையினர் இல்லாத நாடாளுமன்றம் அமைய முடியாது.

8. மட்டுறுத்துநர்

கட்சிச் சண்டையாக மாறிய நான்கு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. இழையின் தலைப்பையொட்டி எழுதவும்.

9. தேயிலைத்தூரல்

இலங்கை மலையகத்தின் அட்டனிலிருந்து எழுதுகிறேன். ஏரிக்கரையான் ஐயா கேட்ட ‘பட்டியலை எழுதுகிறவர் யார்’ என்ற கேள்வியை எங்கள் சனம் கேட்டுக் களைத்துப்போய்விட்டது. நேர்வழி அண்ணன் வாக்குக்குத் தகுதி கேட்கிறார். தகுதி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மலையகத்தில் முழு வரலாறே உண்டு.

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் வழியாக ஆசியாவிலேயே முதன்முதலில் சர்வஜன வாக்குரிமை வந்த நாடு இலங்கை. 1947 பொதுத்தேர்தலில் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரும் வாக்களித்தார்கள். சௌமியமூர்த்தி தொண்டமான் உள்ளிட்ட இலங்கை இந்தியக் காங்கிரசினர் பாராளுமன்றம் சென்றார்கள். வேறு பல தொகுதிகளில் எங்கள் வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. அடுத்த ஆண்டு சுதந்திரம். அதே ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம்.

அந்தச் சட்டத்தில் ‘தமிழர்’ என்ற சொல்லே கிடையாது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாருக்கும் பொதுவான, நியாயமான தகுதி போலத் தெரியும். ஆனால் பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத லயன் அறையில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்தவர், பாட்டன் பிறந்த அத்தாட்சியை எங்கே தேடுவார்? ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவரானார்கள். 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது: மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்து, காலப்போக்கில் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே அது கிடைத்தது. அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜை அல்லாதவரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து (பட்டியலிலிருந்து) எடுத்துவிட்டார்கள். 1952 தேர்தலில் எங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை.

இது சர்வாதிகாரியின் ஆணையால் நடந்ததன்று என்பதைக் கவனியுங்கள். தேர்தல் நடந்து, பாராளுமன்றம் கூடி, விவாதித்து, பெரும்பான்மை வாக்கால் நிறைவேறியது. சிறுபான்மையினரைக் காக்க சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. இந்தச் சட்டங்கள் அதை மீறுகின்றன என்ற கோடாக்கன்பிள்ளை வழக்கு, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. தன் குடிமக்கள் யார் என்று வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான உரிமை என்று 1953இல் தள்ளிவிட்டார்கள்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு; வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அப்போது ஆசனங்களைச் சனத்தொகையின்படி, 75,000 பேருக்கு ஒன்று என்று ஒதுக்கினார்கள். அந்த எண்ணிக்கையில் நாங்களும் சேர்க்கப்பட்டோம்; வாக்காளர் இடாப்பில் மட்டும் சேர்க்கப்படவில்லை. அதனால் 1952, 1956 தேர்தல்களில் மலைநாட்டுத் தொகுதிகளில் எங்கள் தலைக்கணக்கில் வந்த ஆசனங்கள், பக்கத்துக் கிராமத்துச் சிங்கள வாக்காளரின் வாக்குக்குக் கூடுதல் எடை சேர்த்தன. அமெரிக்காவின் தென்மாநிலங்கள் அடிமைகளை ஐந்தில் மூன்றாகக் கணக்கிட்டுத் தம் இடங்களைப் பெருக்கிக்கொண்டதைப் படிக்கும்போது, எங்களை முழு ஆளாகவே கணக்கிட்டார்களே என்று கசப்பாகச் சிரித்துக்கொள்வேன்.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்குபோட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியைப் பத்தாண்டு கழித்துச் சரிபாதியாகப் பிரித்தார்கள். இரண்டும் மக்களாட்சி நாடுகள். பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

10. பனைநிழல்

தேயிலைத்தூரல் எழுதியதற்கு வடக்கிலிருந்து ஒரு குற்ற ஒப்புதலோடு தொடர்கிறேன். 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்த தமிழ்க் காங்கிரசுத் தலைமை, அரசில் அமைச்சுப் பதவி ஏற்ற பிறகு அடுத்த சட்டத்துக்கு ஆதரவாக நின்றது. அதை ஏற்காமல் பிரிந்தவர்களே செல்வநாயகம் தலைமையில் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். மலையகத்தாரின் வாக்கு போனால் பாராளுமன்றத்தில் தமிழர் பலமும் போகும் என்ற எளிய கணக்கு யாழ்ப்பாணத்துப் படித்தவர்களில் பலருக்குப் புரியவில்லை. கல்வித் தகுதி கேட்கும் நேர்வழிக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்: அன்று பிழைவிட்டவர்கள் எல்லோரும் நன்கு படித்தவர்கள்.

ஐயா சொன்ன ‘தோற்றவர் அடுத்த முறை வெல்லலாம்’ என்பது கட்சிக்குப் பொருந்தும். இனத்துக்குப் பொருந்தாது. கட்சி மாறி வாக்களிக்கலாம், பிறப்பை மாற்ற முடியாது. 1956 தொடக்கத்தில் ஐக்கிய தேசியக் கட்சி களனி மாநாட்டில் தனிச்சிங்களத்துக்கு, அதாவது சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற கொள்கைக்கு மாறியது. ஏனெனில் எதிர்த்தரப்பில் பண்டாரநாயக்க அதை முன்பே கையில் எடுத்திருந்தார். அவர் வென்றார், சட்டம் வந்தது. 1957 சூலையில் அவரே தமிழர் உரிமை குறித்துச் செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தபோது ஐக்கிய தேசியக் கட்சி எதிர்த்து ஊர்வலம் போனது. 1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்க ஒப்பந்தம் செய்தபோது எதிர்ப்பது பண்டாரநாயக்கவின் கட்சியின் முறையாயிற்று. இரு கட்சிகளின் ஆரோக்கியமான போட்டியைத்தான் மக்களாட்சியின் உயிர் என்று பாடநூலில் படித்தோம். அந்தப் போட்டிதான் எங்களுக்கு எதிராக ஏலம் கேட்டது.

பெரும்பான்மை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இன்னொன்று. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்குக்கு 168இல் 140 ஆசனங்கள் பெற்றது. அந்த ஆறில் ஐந்து பங்கை இழக்க மனமில்லாமல், பொதுத்தேர்தல் நடத்துவதற்குப் பதிலாக, இதே பாராளுமன்றம் இன்னும் ஆறாண்டு தொடரலாமா என்று 1982 டிசம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பு வைத்தார் ஜே.ஆர். ஜயவர்தன. தொடரலாம் என்பதற்கு விளக்குச் சின்னம். வேண்டாம் என்பதற்குக் குடம். ஆம் நேர்வழி, குடம்தான். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடத்துக்கு விழுந்தது. நாடு முழுவதும் 54 விழுக்காட்டுக்கு மேல் பெற்று விளக்கு வென்றது. அடுத்த தேர்தலை வேண்டாமென்று மக்களே வாக்களித்தார்கள், அல்லது அப்படி வாக்களித்ததாக எண்ணப்பட்டது. ஏழு மாதத்தில் தமிழருக்கு எதிரான 1983 சூலை வன்முறை வந்தது. ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்து, பிரிவினைக்கு எதிரான சத்தியத்தை எடுக்க மறுத்த தமிழ் உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். அதற்குப் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும்.

11. கீழவாசல்

தேயிலைத்தூரல் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு தூங்கவில்லை, காரணம் தேதிகள். 1948இல் கொழும்பில் வாக்காளரை நீக்கும் வேலை தொடங்கியபோது, அதே ஆண்டில் தில்லியில் அரசியல் நிர்ணய சபையின் செயலகம் வாக்காளர் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. அரசமைப்புச் சட்டம் இன்னும் நிறைவேறவில்லை; யார் குடிமகன் என்பதே எழுதி முடிக்கப்படவில்லை. எல்லை தாண்டி வந்த இலட்சக்கணக்கான அகதிகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, இந்நாட்டில் நிலையாக வசிக்க எண்ணுகிறேன் என்று ஓர் உறுதிமொழி கொடுத்தால் தற்காலிகமாகப் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். ஓரிடத்தில் பூட்டனின் பிறப்புச் சான்று. இன்னோரிடத்தில் ஒரு வாய்மொழி. இரண்டு நாடுகளும் தம்மை மக்களாட்சி என்றே அழைத்துக்கொண்டன.

இதை வைத்து இந்தியா புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. அசாமில் 1997 முதல் ‘ஐயத்துக்குரிய வாக்காளர்’ என்று பெயருக்கு நேரே ஓர் எழுத்தைப் போட்டு வாக்கைப் பறிக்கிறார்கள். 2019 ஆகஸ்ட் 31இல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 இலட்சம் பேர் இல்லை. 2025இல் பீகாரில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் விடுபட்டன. இறந்தவர், குடிபெயர்ந்தவர், இருமுறை பதிந்தவர் என்று ஆணையம் காரணம் சொன்னது. நியாயமான நீக்கங்களும் அவற்றில் கட்டாயம் இருக்கும். ஆனால் அந்த 65 இலட்சம் பெயர்களையும் காரணத்தோடு வெளியிடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே அவை வெளிவந்தன. ஐயா சொன்ன ‘செத்துப்போன’ அம்மையார் அந்தப் பட்டியலில் எத்தனை பேரோ.

ஆகவே என் நிலைப்பாடு இதுதான். வரி, மொழிக்கொள்கை, இலவசம் என எதை வேண்டுமானாலும் பெரும்பான்மை முடிவுசெய்யலாம்; தவறானால் அடுத்த தேர்தலில் திருத்தலாம். வாக்காளர் யார் என்பதைப் பெரும்பான்மை முடிவுசெய்தால், அந்தத் தவறைத் திருத்த வேண்டிய ஆளே வாக்குச்சாவடிக்குள் வர முடியாது.

12. பனைநிழல்

தங்கச்சி, மொழிக்கொள்கையை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கு நாங்கள் கொடுத்த விலை போதும்.

13. கீழவாசல்

எடுத்துவிட்டேன் அண்ணா. இந்தி எதிர்ப்பு நடந்த ஊரில் பிறந்த நான் அதை யோசிக்காமல் எழுதியிருக்கக் கூடாது.

14. நேர்வழி

நான் தொடங்கிய இழை, நான் எதிர்பார்க்காத இடத்துக்கு வந்திருக்கிறது. வாக்காளருக்குத் தகுதி கேட்பது, தகுதியை வரையறுப்பவர் கையில் கத்தியைக் கொடுப்பது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேட்பாளருக்குக் கணக்கும் கேள்வியும் வேண்டும் என்பதில் மாறவில்லை.

ஆனாலும் ஒரு கேள்வியை மரியாதையோடு கேட்கிறேன். தேயிலைத்தூரல் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1947இல் தோட்டத்து மக்கள் போட்ட வாக்கு உண்மையில் அவர்களுடைய வாக்குத்தானா? தொழிலாளரை மேற்பார்த்த கங்காணி சொன்ன பக்கம் மொத்தமாக விழுந்த வாக்குத்தானே? இங்கே பணம் வாங்கிக்கொண்டு போடுவதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? வாக்குரிமை என்பது சொந்தமாக முடிவெடுக்கக் கூடியவரிடம் இருக்கும்போதுதானே பொருள் உள்ளதாகிறது?

15. தேயிலைத்தூரல்

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை அண்ணா. என் அப்பாயியை வைத்தே பதில் சொல்கிறேன்.

அவர் 1925இல் எங்கள் தோட்டத்திலேயே பிறந்தவர். 1947இல் 22 வயதில் வாக்களித்தார். நீங்கள் சொல்வது சரி. பெரிய கங்காணி காட்டிய ஆளுக்குத்தான் போட்டார், அதை ஒளித்ததும் இல்லை. ஒரு நாள் பேர் (நாட்கூலி) கிடைத்தது, வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு போனோம் என்பதுதான் அந்தத் தேர்தலைப் பற்றி அவர் சொன்னது. அதன் பிறகு பிரஜாவுரிமை இல்லை. தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றார், அப்பாயி வரமாட்டேன் என்றார். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் பத்திரம் கிடைத்தது. இரண்டாவது முறையாக அவர் வாக்களித்தது 1994 ஆகஸ்டில், 69 வயதில். இடையில் 47 ஆண்டுகள்.

அந்த 47 ஆண்டுகளில் அவர் யார் பேச்சையும் கேட்காமல் முடிவெடுக்கப் பழகியிருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயமா என்று நான் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். அப்போதைய விகிதாசார முறையில் கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டபின், அதே கட்சியின் வேட்பாளர் மூவர் வரை விருப்பு இலக்கம் குறிக்கலாம். தேர்தலுக்கு முதல் நாள் தோட்டக் கமிட்டித் தலைவர் லயத்துக்கு வந்து, எந்தச் சின்னம், எந்த மூன்று இலக்கங்கள் என்று பிள்ளைகளின் கொப்பித்தாளில் எழுதி வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. இலக்கம் தெரியும், கொழுந்து நிறுக்கும் தராசைப் பார்த்துப் பழகியது. அந்தத் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு போனார். நான் கைபிடித்துக் கூட்டிப்போய் வெளியே நின்றேன்.

திரும்பி வரும் வழியில், சின்னம் சொன்னபடி போட்டேன், இலக்கம் இரண்டு சொன்னபடி போட்டேன், மூன்றாவது நானே பார்த்துப் போட்டேன் என்றார். யாருக்கு என்று கேட்டேன். தலைவரிடம் போய்ச் சொல்வதற்கா என்று கேட்டுவிட்டு நடந்தார். அந்த மூன்றாவது இலக்கம் யாருடையது என்று இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.